பதினொன்றரை டிகிரி வானம்: மங்களூர் மொட்டைமாடியும் தொலைதூரக் கேலக்ஸிகளும்

கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பகுதியில் மங்களூர் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் போனால், ஜவ்வாது மலையில் காவலூர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான்நோக்ககம் அங்கேதான் உள்ளது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் அது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. நகர வெளிச்சம் எட்டாத காடு என்பதோடு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென் வானமும் நன்றாகத் தெரியும் என்பதும் காவலூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம். காவலூரின் அட்சரேகை 12.6 டிகிரி, மங்களூருக்கு 11.5. எந்த வானத்தைத் தேடி வானியலாளர்கள் மலையேறினார்களோ, அதே வானம் மங்களூர் வீடுகளின் மேலும் விரிந்திருக்கிறது.

ஒரு நடுத்தரக் குடும்பமோ ஒரு பள்ளிக்கூடமோ வாங்கக்கூடிய தொலைநோக்கியையும் கேமராவையும் வைத்துக்கொண்டு, இந்த ஊர் மொட்டைமாடியிலிருந்து நெபுலாக்களையும் கேலக்ஸிகளையும் உருப்படியாகப் படமெடுக்க முடியுமா? முடியும். ஆனால் இந்தக் கலைக்கான கையேடுகளில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சரேகையில், குளிர்நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் வானத்துக்காக எழுதிக்கொண்டவை. துருவ நட்சத்திரத்தின் உயரம், இரவின் வெப்பம், பனி, மழைக்காலம், எந்தப் பொருளை எந்த மாதம் எடுப்பது ஆகிய அனைத்தும் இங்கே வேறு. கருவியைக் காசு கொடுத்து வாங்கலாம். வானத்தை அவரவர் ஊரில் நின்றுதான் படிக்க வேண்டும். அந்தப் படிப்பில் இதுவரை தெரிந்தவற்றை ஒருசேரப் பரிசீலிக்கிறது இக்கட்டுரை.

வீட்டுத் தோட்டத்தில் பிறந்த கலை

நெபுலாவின் முதல் ஒளிப்படத்தை எடுத்தவர் ஹென்றி டிரேப்பர். தொழிலால் மருத்துவர். நியூயார்க் மாநிலத்தில் தன் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் கட்டிய வான்நோக்ககத்தில், 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிடம் ஒளியைச் சேர்த்து ஓரியன் நெபுலாவைப் பதிவுசெய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, லண்டனை அடுத்த ஈலிங்கில் தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியை நிறுத்தியிருந்த ஆண்ட்ரூ ஆன்ஸ்லி காமன் அதே நெபுலாவை எடுத்தார். கண்ணால் பார்த்து வரைந்த எந்தச் சித்திரத்திலும் இல்லாத நுணுக்கங்கள் அந்தப் படத்தில் தெரிந்தன. காமன் ஒரு சுகாதாரப் பொறியாளர். 1888-இல் ஆண்ட்ரோமீடாவின் சுருள் அமைப்பைப் படத்தில் கொண்டுவந்த ஐசக் ராபர்ட்ஸ் லிவர்பூல் பகுதியில் கட்டட ஒப்பந்ததாரராக இருந்தவர். இந்தக் கலைக்கு அடித்தளமிட்ட மூவரும் ஆர்வலர்கள். மூவரும் சொந்த இடத்தில் சொந்தக் கருவியால் எடுத்தவர்கள். பெரிய வான்நோக்ககங்கள் பிற்பாடுதான் இந்த வழிக்கு வந்தன.

தான் எடுத்தது ஒரு கேலக்ஸி என்பது ராபர்ட்ஸுக்குத் தெரியாது. ஒரு சூரியக் குடும்பம் உருவாகும் காட்சி என்றே அவர் நம்பினார். 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சன் 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தட்டில், ஆண்ட்ரோமீடாவுக்குள் ஒளி மாறும் ஒரு செபீட் விண்மீனைக் கண்டார். அதை வைத்துத் தொலைவைக் கணித்ததில்தான் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெகு வெளியே உள்ள தனி உலகம் என்று உறுதியானது. இன்றைய கணக்கில் அதன் தொலைவு 25 லட்சம் ஒளியாண்டு.

தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. கொடைக்கானல் சூரிய வான்நோக்ககம் 1904 முதல் சூரியனை இடைவிடாது படமெடுத்து வருகிறது. அங்கே 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபா என்னும் சிவப்பு நிறக்கோட்டிலும் படங்கள் எடுத்தார்கள். அதன் அலைநீளம் 656.3 நானோமீட்டர். இன்று மொட்டைமாடியில் நெபுலாவை எடுப்பவர் கேமராவுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டரும் இதே கோட்டைத்தான் தேர்ந்து வாங்குகிறது. சூரியனிலும் நெபுலாவிலும் பேசுவது ஒரே ஹைட்ரஜன். காவலூரை உருவாக்கிய வைணு பாப்பு, 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒளிப்படத் தட்டில்தான் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார். 1988-இல் காவலூர் ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படங்களில் அகப்பட்ட சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. நம் மலைகளில் நூறாண்டாக நடந்துவரும் வேலையை, 1969-இல் பிறந்த சிசிடி என்னும் ஒளியுணர் சில்லும் அதைத் தொடர்ந்து வந்த மலிவான சிமாஸ் சில்லும் வீட்டு மாடிக்கு இறக்கிவைத்திருக்கின்றன.

ஒளி எப்படிச் சேர்கிறது

நெபுலாக்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு அவற்றின் சிறுமை காரணமில்லை. ஆண்ட்ரோமீடா வானத்தில் 3 டிகிரி நீளம், அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அளவு. குறை, மங்கலில்தான். மனிதக் கண் ஒரு நொடியின் சிறு பங்குக்கு மேல் ஒளியைச் சேமிக்காது. மங்கிய ஒளியில் நிறத்தையும் உணராது. கேமரா சில்லு நிமிடக்கணக்கில் சேமிக்கும். அந்த நிமிடங்கள் முழுவதும் தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும்.

48 சென்டிமீட்டர் குவியத் தொலைவும், 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட சில்லும் இருந்தால், ஒரு பிக்சல் வானத்தில் 1.6 விகலை (ஆர்க் செகண்ட்) அளவை மூடும். பூமி சுழல்வதால் விண்மீன் நொடிக்கு 15 விகலை நகரும். தொலைநோக்கி அசையாமல் நின்றால் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியில் அது அடுத்த பிக்சலுக்குப் போய்விடும். மூன்று நிமிடத்தில் 1,600 பிக்சலுக்கும் மேல் நீளும் கோடாகிவிடும். ஆகவே இந்தக் கலையில் முதல் செலவு லென்ஸுக்கு ஆகக் கூடாது. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்கு ஆக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய குழாயையும் ஆட்டம் காணும் முக்காலியையும் வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் ஒதுங்கிவிடுவதற்கு இதைக் கவனிக்காததே பெரும்பாலும் காரணம்.

ஒரே படத்தில் மூன்று மணி நேரம் எடுப்பதில்லை. மூன்று நிமிடப் படங்கள் அறுபது எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நெபுலாவின் ஒளி ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் விழும். இரைச்சல் படத்துக்குப் படம் மாறும். அறுபது படங்களின் சராசரியில் இரைச்சல் அறுபதின் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 7.7 மடங்கு குறையும். ஒரு படத்தில் செயற்கைக்கோள் கோடு விழுந்தால், மற்ற ஐம்பத்தொன்பதில் அந்த இடம் சுத்தமாக இருப்பதால் மென்பொருள் அதை ஒதுக்கிவிடும். 2019-க்குப் பின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பெருகிய வானத்தில் இந்த அடுக்குமுறை இல்லாமல் வேலை நடக்காது.

இவற்றோடு மூன்று துணைப் படங்கள் வேண்டும். லென்ஸை மூடிவிட்டு, அதே நேரமும் அதே வெப்பமும் வைத்து எடுப்பது டார்க். சில்லின் வெப்ப இரைச்சலை இது கழித்துத் தரும். மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கும் பயாஸ், சில்லின் அடிமட்ட அளவைத் தரும். குழாயின் வாயில் வெள்ளை வேட்டித் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, விடிவெளிச்சத்தைப் பார்த்து எடுப்பது ஃபிளாட். தூசி வளையங்களையும் ஓரத்து இருட்டையும் அது நீக்கும். ஃபிளாட் எடுக்காமல் விட்டால், பின்னால் எவ்வளவு மெருகேற்றினாலும் படம் கறையோடுதான் நிற்கும்.

ஓரியன் நெபுலாவின் ஒரு மூன்று நிமிடப் படத்தை நெருங்கிப் பார்ப்போம். கேமரா தரும் ரா கோப்பை அப்படியே திறந்தால் கறுப்புத் திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் நடுவில் ஒரு சிறு வெளுப்பும் மட்டுமே இருக்கும். மங்கிய பகுதியை நீட்டித் தூக்கினால் சாம்பலும் பழுப்புமான வானப் பின்னணி மேலே வரும்; அதன்மேல் சிறகு விரித்த மாதிரி நெபுலா வெளிப்படும். நடுவிலுள்ள டிரபீசியம் என்னும் நான்கு இளம் விண்மீன்கள் மட்டும் தனித்தனியே தெரியாது. மூன்று நிமிடத்தில் அந்த இடம் நிரம்பி வழிந்து வெந்துபோயிருக்கும். எனவே பத்து நொடிப் படங்கள் ஒரு கட்டு தனியாக எடுத்து நடுப்பகுதியில் இணைக்க வேண்டும். 1,350 ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன்கள் பிறக்கும் அந்த இடத்தில், மிக ஒளிர்ந்ததும் மிக மங்கியதும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே அளவு நேரத்துக்கு இரண்டும் கட்டுப்படாது.

இருட்டின் கணக்கு

வானம் எவ்வளவு இருட்டு என்பதை ஒரு சதுர விகலைக்கு இத்தனை மேக்னிடியூட் என்று அளக்கிறார்கள். எண் கூடினால் இருட்டு கூடுதல். நல்ல கிராமத்து வானத்துக்கு 21 என்றும், பெருநகர வானத்துக்கு 18 என்றும் கொள்வோம். மூன்று மேக்னிடியூட் வித்தியாசம் என்றால், நகர வானம் ஏறத்தாழ 16 மடங்கு வெளிச்சமானது. மங்கிய பொருள்களைப் பொறுத்தவரை தேவையான நேரமும் அதே மடங்கில் கூடும். கிராமத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தரத்துக்கு நகரத்தில் 16 மணி நேரம் உழைக்க வேண்டும். பெருநகரத்தில் விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவரைவிட, மங்களூரில் எளிய கருவி வைத்திருப்பவர் ஒரு கேலக்ஸியை நன்றாக எடுக்க முடிவது இந்தக் கணக்கால்தான்.

கேலக்ஸியைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஓரியன், லகூன், கரீனா போன்ற ஒளிரும் நெபுலாக்கள் குறிப்பிட்ட சில நிறக்கோடுகளில் மட்டுமே ஒளி வீசுகின்றன: ஹைட்ரஜன் 656.3, ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர். அந்த இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் இரட்டைக்கோட்டு ஃபில்டரை மாட்டினால், நிலா வெளிச்சத்திலும் நகரத்திலும்கூட நெபுலாவை ஓரளவு மீட்கலாம். கேலக்ஸி கோடிக்கணக்கான சூரியன்களின் கூட்டு ஒளி; எல்லா நிறமும் அதில் உண்டு. கார்த்திகை விண்மீன்களைச் சுற்றிய நீலத் தூசியும் விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான். இவற்றை வெள்ளை வெளிச்சத்திலிருந்து பிரித்தெடுக்க எந்த ஃபில்டராலும் முடியாது. நெபுலாவுக்கு ஃபில்டர் உதவும். கேலக்ஸிக்கு இருட்டு மட்டுமே உதவும்.

தெருவிளக்கு மாற்றத்தை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் சில நிறங்களுக்குள் அடங்கியிருந்தது. ஃபில்டரால் அதன் பெரும்பகுதியைத் தடுக்க முடிந்தது. இன்றைய வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது. மின்சாரம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் மூடி இல்லாமல், நீலம் கலந்த வெள்ளையில், பக்கவாட்டிலும் மேலேயும் ஒளி சிந்தும் விளக்கு, மிச்சப்பட்ட மின்சாரத்தின் பலனை வானத்தில் கொட்டிவிடுகிறது.

மங்களூரில் எல்லாத் திசையும் ஒன்றுபோல் இருக்காது. கிழக்கே விருத்தாசலம், அதற்கப்பால் இரவு பகலாக இயங்கும் நெய்வேலிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும். வேப்பூர், தொழுதூர் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் தன் பங்குக்கு வெளிச்சம் கூட்டும். வடமேற்கே கல்வராயன் மலைப் பக்கம் பெரிய ஊர்கள் குறைவு. எனவே கிழக்கே எழும் பொருளை உடனே பிடிக்க அவசரப்படாமல், அது உச்சியை நெருங்கும்வரை காத்திருந்து, பிறகு மேற்கே இறங்கும் வரை எடுப்பது இந்த ஊருக்கேற்ற முறை.

தாழ்ந்து நிற்கும் துருவம்

மவுண்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்துவதுதான் முதல் வேலை. குளிர்நாட்டுக் கையேடு, துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்லும். அங்கே அது பாதி வானத்தில் நிற்கும். மங்களூரில் அடிவானத்துக்கு மேலே பதினொன்றரை டிகிரியில்தான் நிற்கும். நீட்டிய கையில் மூடிய முட்டியின் அகலம் ஏறத்தாழ பத்து டிகிரி. அதற்குச் சற்று மேலே, வேப்பமரத்துக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால். தெரிந்தாலும், தலைக்கு நேர்மேலே இருக்கும் விண்மீனைவிட ஐந்து மடங்கு காற்றையும் தூசியையும் கடந்து வரும் ஒளி அது.

மவுண்டிலும் சிக்கல் உண்டு. சில மாடல்களின் அச்சு 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. இறங்கும் மாடல்களிலும் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கக்கூடும். வாங்கும் முன் 11 டிகிரிக்கு இறங்குமா என்று கேட்டு உறுதிசெய்வது நம் ஊரில் கட்டாயம். துருவ நட்சத்திரம் தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. தெரிகிற வானத்தில் மூன்று இடங்களைப் படமெடுத்து, விண்மீன் அமைப்பைக் கணினி அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் மென்பொருள்கள் வந்துவிட்டன. குறைந்த அட்சரேகைக்காரர்களின் பழைய குறையை இவை ஏறக்குறைய தீர்த்துவிட்டன.

மவுண்ட் வாங்க வசதியில்லாதவர்களுக்கு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெய்க் 1975-இல் விவரித்த எளிய கருவி இன்றும் பயன்படும். இரண்டு பலகைகள், நடுவில் ஒரு கதவுக் கீல், கீலிலிருந்து 228.6 மில்லிமீட்டர் தள்ளி ஒரு 6 மில்லிமீட்டர் திருகு. இந்தத் திருகு ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் கையாலோ சிறு மோட்டாராலோ திருப்பினால், மேல்பலகை வானம் சுழலும் வேகத்திலேயே விரியும். கீலை உண்மை வடக்கு நோக்கி, தரையிலிருந்து 11.5 டிகிரி சாய்வில் வைக்க வேண்டும். மேல்பலகையில் 50 மில்லிமீட்டர் லென்ஸோடு ஒரு பழைய கேமராவைப் பொருத்தினால் பால்வீதியையும், கரீனாப் பகுதியையும், ஓரியன் முழுவதையும் விண்மீன்கள் கோடாகாமல் எடுக்கலாம். தச்சுப்பட்டறையும் லேத் பட்டறையும் உள்ள எந்த ஊரிலும் ஒரே நாளில் செய்துவிடக்கூடியது இது.

தாழ்ந்த துருவத்துக்கு ஈடாகக் கிடைப்பது தென் வானம். ஐரோப்பிய ஆர்வலருக்கு அடிவானத்துக்கு மேலேயே வராத கரீனா நெபுலா இங்கே 19 டிகிரி உயரம் ஏறும். ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து 31 டிகிரி, சென்டாரஸ் ஏ கேலக்ஸி 35 டிகிரி. அதே வானத்தில் வடக்கே ஆண்ட்ரோமீடா 60 டிகிரியும், எம் 81 கேலக்ஸி 32 டிகிரியும் ஏறுகின்றன. கன்னி கேலக்ஸிக் கூட்டம் வானத்தில் வடக்கு 12 டிகிரியை ஒட்டி இருப்பதால், நம் தலைக்கு நேர்மேலே, காற்று மிகக் குறைந்த பாதையில் கடந்து போகிறது. பூமியில் மிகச் சில பகுதிகளுக்கே இந்த வாய்ப்பு.

வெப்பமும் ஈரமும்

சில்லில் வெப்பத்தால் எழும் பொய்ச் சமிக்ஞை ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸுக்கும் இரட்டிப்பாகும். 4 டிகிரிக் குளிரில் எடுப்பவரைவிட, 28 டிகிரிச் சித்திரை இரவில் எடுப்பவருக்கு இந்தப் பொய்ச் சமிக்ஞை 16 மடங்கு. மின்குளிரூட்டி வைத்த கேமரா, சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரிக்கும் மேல் சில்லைக் குளிர்விக்கும். குளிர்நாட்டில் அது வசதி. இங்கே அவசியத்துக்குப் பக்கம். சாதாரண டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் ஒவ்வொரு படத்துக்கும் இடையே சற்று ஓய்வு விட்டு, டார்க் படங்களை அந்த இரவிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆவியில் விண்மீன்கள் நடுங்கும். மாலையில் தளத்தில் தண்ணீர் தெளித்து ஆறவிடுவதும், முடிந்தால் மண்தரைக்கு இறங்கிவிடுவதும் பலன் தரும். தொலைநோக்கியின் கண்ணாடியும் சுற்றுப்புறக் குளிர்ச்சிக்கு வர ஒரு மணி நேரம் வேண்டும். சூளையை அவசரமாகத் திறந்தால் பாண்டம் விரியும் என்று அறிந்த விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு இந்தப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய தொலைநோக்கிகளின் ஆடிகளுக்கு, வெப்பத்தில் ஏறக்குறைய விரிவடையாத கண்ணாடிப் பீங்கானைப் பயன்படுத்துவதும் இதே பிரச்சினைக்கான பதில்தான்.

மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கும். ஒரு மணி நேரத்தில் லென்ஸ் நனைந்து படம் பால்போல் வெளுத்துவிடும். குழாயின் முன்னால் அட்டையில் நீண்ட கவசம் சுற்றுவதும், லென்ஸ் விளிம்பில் மெல்லிய வெப்பப்பட்டி கட்டுவதும் போதும். இவற்றைவிட முக்கியம், வேலை முடிந்ததும் கருவியை உடனே மூடிப் பெட்டியில் அடைக்காமல் உலரவிடுவது. இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் லென்ஸில் பூஞ்சை படரும்.

மாதமும் நட்சத்திரமும்

எந்த மாதத்தில் எதை எடுப்பது என்பதற்கு நம் பஞ்சாங்கமே அரைக் கையேடு. கார்த்திகையில் பௌர்ணமி நிலா கார்த்திகை விண்மீன்களின் அருகே நிற்கிறது. அப்படியென்றால் அந்த விண்மீன்கள் அம்மாதம் சூரியனுக்கு நேரெதிரே இருந்து நள்ளிரவில் உச்சிக்கு வருகின்றன. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம் எல்லாம் இதே கணக்கு. திருவிழா பௌர்ணமியில், படம் எடுப்பது அதே பருவத்து அமாவாசையில்.

இதோடு பருவமழையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உத்திரட்டாதிக்கு அருகிலுள்ள ஆண்ட்ரோமீடா புரட்டாசியில் நள்ளிரவு உச்சிக்கு வரும். ஆனால் அப்போது மேகம் கூடத் தொடங்கிவிடும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். கிடைக்கும் இடைவெளிகளை விட்டுவிடக் கூடாது. தவறினால் தைத் தொடக்கத்தில் இருட்டியதும் மேற்கு வானில் ஆண்ட்ரோமீடாவைப் பிடிக்கலாம். தை மாதம் திருவாதிரை, மிருகசீரிடம் பக்கம் ஓரியன் நெபுலா இரவு 8 முதல் 10 மணிக்குள் 73 டிகிரி உயரத்தில் இருக்கும். பூசத்தை ஒட்டிய எம் 44 கொத்து தொடக்கக்காரர்களுக்கு நல்ல பயிற்சி. மாசிக் கடைசியில் நள்ளிரவை ஒட்டி, மகமும் உத்திரமும் உச்சியில் இருக்க, தெற்கே கரீனா நெபுலா தன் முழு உயரத்தை எட்டும்.

பங்குனியும் சித்திரையும் கேலக்ஸி மாதங்கள். உத்திர விண்மீனுக்குக் கிழக்கே தலைக்கு மேலே கன்னிக் கூட்டம். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள், ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில். சித்திரை விண்மீன் உச்சிக்கு வரும்போது தெற்கு நோக்கி நின்று, அதிலிருந்து நேர்கீழே 32 டிகிரி இறங்கினால் சென்டாரஸ் ஏ. இன்னும் நான்கரை டிகிரி இறங்கினால் ஒமேகா சென்டாரி. மூன்றும் ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் உள்ளன. பொருளைத் தானே தேடும் கோ-டூ வசதியில்லாத தொலைநோக்கியிலும் இந்த வழியைப் பிடித்து இரண்டையும் தேடி எடுக்கலாம். மூலமும் பூராடமும் உள்ள பால்வீதி மையப் பகுதி ஆனி ஆடியில் முன்னிரவுக்கு வரும்; அப்போது மேகமும் இடிமழையும் தொந்தரவு தரும். ஆகவே லகூன் நெபுலாவைப் பங்குனி, சித்திரையிலேயே விடியலுக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுவது நல்லது.

எந்தக் கருவி

பெரிய தொலைநோக்கிதான் வேண்டும் என்பது தவறான எண்ணம். நாம் எடுக்க விரும்பும் பெரும்பாலான நெபுலாக்கள் அகன்றவை. 8 சென்டிமீட்டர் லென்ஸும் 48 சென்டிமீட்டர் குவியத் தொலைவும் உள்ள சிறு தொலைநோக்கி, ஏபிஎஸ்-சி கேமராவோடு சேர்ந்தால் ஆண்ட்ரோமீடாவை ஏறக்குறைய முழுதாகக் கட்டத்துக்குள் கொண்டுவரும். குவியத் தொலைவு கூடக் கூட மவுண்டின் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும்.

2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கிகள் வேறொரு வாசலைத் திறந்திருக்கின்றன. 5 சென்டிமீட்டர் லென்ஸ், உள்ளேயே கேமரா, கைப்பேசியில் கட்டளை. தானே பொருளைத் தேடி, படங்களை அடுக்கித் தருகிறது. இது உண்மையான ஒளிப்படக் கலை இல்லை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஒரு பள்ளி மாணவி தன் ஊர் வானத்தில் பத்து நிமிடத்தில் லகூன் நெபுலா உருவாவதைத் திரையில் பார்ப்பாள் என்றால், அந்தக் கருவிக்கு வேறு நியாயம் தேவையில்லை. ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: இக்கருவிகள் வழக்கமாக மேல்கீழ், இடவலம் என்று நகர்பவை, தலைக்கு நேர்மேலே உள்ள பொருளில் படம் வேகமாகச் சுழன்றுவிடும். நம் ஊரில் கன்னிக் கேலக்ஸிகள் சரியாக அங்கேதான் வருகின்றன. உச்சிக்கு வருமுன்னோ கடந்தபின்னோ எடுக்க வேண்டும்.

நிறமும் நேர்மையும்

இந்தப் படங்களின் நிறம் உண்மையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹைட்ரஜன் நெபுலாவின் சிவப்பு உண்மையான ஒளி. கண்ணின் திறன் போதாததால் நாம் காண்பதில்லை. விற்பனைக்கு வரும் சாதாரண கேமராக்களில் உள்ள ஃபில்டர் இந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுப்பதால், ஆர்வலர்கள் அதை அகற்றிப் பயன்படுத்துகிறார்கள். 1995-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படைப்புத் தூண்கள் படம் வேறு வகை: கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறங்கள் ஒதுக்கப்பட்டவை. எந்த வாயு எங்கே உள்ளது என்று காட்டும் வரைபடமாக அது நியாயமானது. சொல்லாமல் செய்தால்தான் தவறு.

செயற்கை நுண்ணறிவு மெருகுக் கருவிகளிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இரைச்சலைக் குறைப்பது ஒன்று. படத்தில் இல்லாத இழைகளை இருப்பதாக வரைந்துவிடுவது வேறொன்று. படத்தோடு இடம், நாள், மொத்த நேரம், ஃபில்டர், செய்த மாற்றங்கள் ஆகியவற்றை எழுதிவைப்பதும், மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருப்பதும் இந்தக் கலையின் நாணயம். அந்த மூலக் கோப்புகளுக்கு அறிவியல் மதிப்பும் உண்டு.

2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், விக்டர் பூசோ என்னும் பூட்டுத் தொழிலாளி தன் வீட்டு மாடியில் புதிய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். நகர வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடக் கூடாது என்று இருபது நொடிப் படங்களாக ஒரு கேலக்ஸியை எடுத்தார். முதல் படங்களில் ஒன்றுமில்லை. சிறிது இடைவெளிக்குப் பின் எடுத்தவற்றில் ஒரு புதிய புள்ளி இருந்தது. அது படத்துக்குப் படம் ஒளி கூடியது. ஒரு விண்மீன் வெடித்து அதன் அதிர்வலை மேற்பரப்பைப் பிளந்து வெளிவரும் கணத்தை அவர் பதிவுசெய்திருந்தார். 2018-இல் அந்தப் படங்கள் நேச்சர் இதழின் ஆய்வுக்கட்டுரைக்கு அடிப்படையாயின. வெறும் படங்களை முன்னும் பின்னும் விடாமல் வைத்திருந்ததால்தான் அது சாத்தியமானது. 2022-இல் பிரான்சின் யான் செய்ந்தி சிறு தொலைநோக்கியால் நூறு மணி நேரத்துக்கும் மேல் ஆண்ட்ரோமீடாவை எடுத்தார்; ஆக்சிஜன் ஃபில்டரில் அதன் அருகே ஒரு பெரிய நீல வில் தெரிந்தது. உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட கேலக்ஸியின் பக்கத்தில், அதுவரை யாரும் கவனிக்காத ஒன்று.

இனிச் செய்ய வேண்டியவை

மேலே கண்டவற்றைத் தொகுத்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. மங்களூருக்குக் கருவியிலும் பணத்திலும் குறை இருக்கலாம், வானத்தில் குறையில்லை. அந்த வானத்தைப் பயன்படுத்த மூன்று வேலைகள் வேண்டும்.

முதலாவது, 11 டிகிரி வானத்துக்கென்று தமிழில் ஒரு கையேடு. தமிழ் மாதம், நட்சத்திரம், மழைக்காலம், பொருளின் உயரம் எல்லாம் சேர்ந்தது. இக்கட்டுரையில் உள்ள கணக்குகளை மாணவர்களே செய்து பார்த்துத் திருத்தி விரிக்கலாம். 90-இலிருந்து 11.5-ஐக் கழித்து, பொருளின் வானத் தென்விலக்கத்தையும் (வான நடுக்கோட்டுக்குத் தெற்கே அது எத்தனை டிகிரி என்பதையும்) கழித்தால், அது தெற்கே ஏறும் அதிகபட்ச உயரம் வந்துவிடும். பள்ளிக் கணிதத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, மங்களூர் ஒன்றியத்திலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒன்றாவது பொதுவான ஒரு ஸ்மார்ட் தொலைநோக்கியை வைத்து, தையிலிருந்து சித்திரை வரை ஒவ்வொரு அமாவாசை வாரத்திலும் ஒரே சில கேலக்ஸிகளைத் தொடர்ந்து எடுப்பது. தேதியிட்டுச் சேர்த்த படங்களே நாளை ஒரு வெடிப்பைக் கண்டுபிடிக்க உதவும் ஆவணம்.

மூன்றாவது, இருட்டைக் காப்பது. லடாக்கின் ஹன்லே பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வீட்டு விளக்குகளுக்கு மூடியும் திரையும் போட்டு, கிராமத்தவர்களும் அதில் பங்கேற்கிறார்கள். மங்களூருக்கு அவ்வளவு பெரிய அறிவிப்பு தேவையில்லை. தெருவிளக்கு மாற்றும்போது ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும் கூண்டு, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் சாயல், நள்ளிரவுக்குப் பின் குறையும் வெளிச்சம் ஆகிய மூன்றையும் ஊராட்சி தன் கொள்முதல் நிபந்தனையில் சேர்த்தால் போதும். தெருவில் நடப்பவருக்கு வெளிச்சம் குறையாது, கண் கூசுவதும் நிற்கும். கேலக்ஸிக்கு ஃபில்டர் இல்லை என்பதை மறக்காமல், அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும்.